தந்தை வழியும் தாய்மொழியும்

தமிழ்கூறும் நிலத்திற்கு வேங்கடத்தை வட எல்லையாகவும் குமரியைத் தென் எல்லையாகவும் வகுத்தது தொல்காப்பியப் பாயிரம். அவ்வேங்கடத்தின் அடிவாரமே அலிபிரி. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கு இப்பால் வந்து வாழும் நாம், தமிழரைத் தமிழராக்குவது குருதியா மொழியா என்னும் வினாவை எளிதில் கடந்துவிட இயலாது.

தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது ஒய் குரோமோசோம். அதில் எப்போதேனும் நேரும் சிறு மாற்றம், முத்திரைபோல் வழிவழி தொடரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் பிற அறிஞரும் பிறமலைக் கள்ளரிடையே ‘எம் 130’ என்னும் தொன்மையான முத்திரையைக் கண்டனர். அதன் கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் உள்ளன. தமிழகத்தின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆடவரை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரையோ, பல்வேறு தந்தை வழிகளை எடுத்துக்காட்டியது. தமிழர் அனைவரும் ஒரே தந்தையின் வழியினர் அல்லர் என்பது இதனால் பெறப்படும்.

இதனை ஒப்புநோக்கத் தக்கவர், ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிரெனே மலைச்சாரலில் வாழும் பாஸ்க் மக்கள். அவர்தம் மொழிக்கு இன்று உலகில் உறவுமொழி யாதும் இல்லை. ஆகவே அவர்களைக் கற்கால மாந்தரின் கலப்பற்ற வழியினர் எனப் பலர் கருதினர். ஆயின் அவருள் மிகப் பெரும்பாலான ஆடவர் தாங்குவது, மேற்கு ஐரோப்பா எங்கும் பரவியுள்ள ‘ஆர்1பி’ என்னும் முத்திரையே. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே, கிழக்குப் புல்வெளிகளிலிருந்து பரவியோரின் தந்தை வழி அத்தீபகற்பத்தின் பழைய தந்தை வழிகளை அநேகமாக முற்றிலும் அகற்றிவிட்டது எனப் பண்டை எலும்புகளை ஆராய்ந்தோர் 2019இல் அறிவித்தனர்.

தந்தை வழியில் அண்டை மக்களை ஒத்திருந்தும் பாஸ்க் மக்கள் தம் மொழியை இழந்திலர். ஃபிராங்கோவின் ஆட்சியில் அம்மொழி ஒடுக்கப்பட்டபோது வீடுகள் அதைக் காத்தன. 1960களில் பெற்றோர் ஒன்றுகூடி ‘இகஸ்தோலா’ எனப்படும் தாய்மொழிப் பள்ளிகளைப் பெருக்கினர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? குருதி தானே மொழியைக் காவாது. அடுத்த தலைமுறையோடு பேசும் நாவே காக்கும். நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் தெலுங்கு, தமிழுக்கு உடன்பிறந்த மொழி. அதனை அவர்கள் நன்கு கற்கட்டும். தமிழை மட்டும் மரபுரிமையாகத் தானே வந்துசேரும் என்று நாம் வாளா இருத்தல் ஆகாது. நாள்தோறும் இல்லத்தில் பேசியும் படிக்கவும் எழுதவும் பயிற்றியும் அதை அவர்களுக்கு அளித்தல் நம் கடனாகும்.