பூனைக்கும் எலிக்கும் நடுவே நாய்: துரத்தல் கார்ட்டூன்களில் மூன்றாம் தரப்பின் வரலாறு

பூனை எலியைத் துரத்தும். நாய் பூனையைப் புரட்டி எடுக்கும். ஹாலிவுட்டின் பழைய துரத்தல் கார்ட்டூன்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் இவ்வளவுதான் சொல்வார்கள். வேகமும் அடிதடியும்தான் அவற்றின் ஈர்ப்பு என்ற முடிவும் இதையொட்டியே வருகிறது. வரலாறு அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. அடிதடி நகைச்சுவை, 1912இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனத்தின் மௌனப் படங்களிலேயே முழு வேகத்தில் இருந்தது. கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்த பூனை–எலிப் படங்கள் இன்றும் சலிக்காமல் பார்க்கப்படுகின்றன என்றால், அவற்றில் வேறு ஏதோ சேர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தது ஒரு மூன்றாம் தரப்பும் அது விதிக்கும் கட்டளையும். பலசாலியின் கையைக் கட்டிப்போட்ட அந்தக் கட்டளைதான் வெறும் ஓட்டத்தைக் கதையாக்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்று விலங்குகளின் உறவு முதலில் உருப்பெற்ற இடம் செய்தித்தாள். ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944இல் இறக்கும்வரை வரைந்த 'கிரேஸி கேட்' சித்திரத் தொடரில், இக்னாட்ஸ் என்ற எலி பூனையின் தலையைக் குறிவைத்துச் செங்கல் எறியும். பூனையோ அதை அன்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். பூனை மீது பிரியம் வைத்திருக்கும் போலீஸ்கார நாய் எலியைப் பிடித்துச் சிறையில் தள்ளும். சட்டம் இங்கேயே நாயின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் யாரும் அதற்கு அஞ்சுவதில்லை, செங்கல் மறுபடியும் பறக்கும். திரையுலகம் இந்த முக்கோணத்தை உடனே எடுத்துக்கொள்ளவும் இல்லை. 1919இல் அறிமுகமான ஃபெலிக்ஸ் பூனை பெரும்பாலும் தனியாளாகவே சிக்கலில் மாட்டி, தன் வாலையே கருவியாக்கித் தப்பித்துக்கொண்டிருந்தது.

திருப்பம் 1940 பிப்ரவரியில் வந்தது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்ஜிஎம் நிறுவனத்தில் உருவாக்கிய 'புஸ் கெட்ஸ் த பூட்' படத்தில், பின்னாளில் டாம் ஆன பூனைக்கு ஜாஸ்பர் என்று பெயர். எலியைத் துரத்தும் வேகத்தில் அது பூந்தொட்டியை உடைத்துவிடுகிறது. இன்னொரு பொருள் உடைந்தால் வீட்டைவிட்டு விரட்டிவிடுவேன் என்று பணிப்பெண் எச்சரிக்கிறார். எலிக்கு அது போதும். மேசை விளிம்பில் கண்ணாடிக் கோப்பையைப் பிடித்தபடி நிற்கிறது. பாய்ந்து வந்த பூனை அப்படியே உறைந்துவிடுகிறது. பிறகு, எது விழுந்தாலும் உடையாதபடி தரையில் தலையணைகளைப் பரப்புகிறது. கோப்பை விளிம்பில் நிற்கும் அந்தக் கணத்தில் சிரிப்புக்கு அடிதடி தேவைப்படவில்லை. பூனைக்கு எதிராகப் பிறந்த கட்டளையையே எலி ஆயுதமாகப் பிடித்திருக்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரிந்தாலே போதும். படம் ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் 1941இல் வந்த 'த மிட்நைட் ஸ்நாக்' முதல் நிலைபெற்றன.

பணிப்பெண்ணின் வேலையை நாயிடம் ஒப்படைத்தது அடுத்த படி. 1942இல் வந்த 'டாக் ட்ரபிள்' படத்தில் நாய் இருவருக்குமே எதிரி. அதை வெளியேற்றப் பூனையும் எலியும் கைகோக்கின்றன. 1944இல் 'த பாடிகார்ட்' படத்தில் அதே நாய் ஜெர்ரியின் பாதுகாவலனாகி, விசில் அடித்தால் ஓடிவருகிறது. 1945இல் வந்த 'கொயட் ப்ளீஸ்!' இந்த வளர்ச்சியின் உச்சம். தூங்க விரும்பும் அந்த நாய், ஸ்பைக், இனிச் சத்தம் கேட்டால் தோலை உரித்துவிடுவதாக டாமை மிரட்டுகிறது. அதன்பின் சத்தம் எழுப்புவது ஜெர்ரியின் வேலை. அதை அடக்குவது டாமின் வேலை. துரத்திய பூனை, நாயின் தூக்கத்துக்குக் காவல் இருந்து தாலாட்டும் பாட வேண்டியதாகிறது. தொடர் வென்ற 7 ஆஸ்கர் விருதுகளில் ஒன்று இப்படத்துக்கு உரியது.

பேச்சு மிகக் குறைவான இப்படங்களில் நடப்பதன் தன்மையைக் காதுக்கு உணர்த்தியவர் இசையமைப்பாளர் ஸ்காட் பிராட்லி. 1944இல் வந்த 'புட்டின் ஆன் த டாக்' படத்தில், நாய்ப்பட்டிக்குள் ஒளிந்த ஜெர்ரியைப் பிடிக்க டாம் செயற்கை நாய்த்தலை ஒன்றை மாட்டிக்கொண்டு நுழைகிறது. ஒரு கட்டத்தில் அந்தத் தலை ஜெர்ரியிடம் போய்விட, இரண்டு பொடிக் கால்களின் மேல் ஒரு பெரிய நாய்த்தலை ஓடுகிறது. அக்காட்சிக்கு பிராட்லி எடுத்துக்கொண்டது, ஐரோப்பிய நவீன இசையின் பன்னிரு சுர முறை. எந்தச் சுரத்துக்கும் தலைமை தராத அம்முறை, யார் பலசாலி என்பதே குழம்பிப்போன காட்சிக்கு அழகாகப் பொருந்துகிறது.

நாய் வராத படங்களும் ஏராளமாக இருக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1947இல் வெளிவந்த 'த கேட் கான்செர்ட்டோ' படத்தில் நாய் இல்லை, வீடும் இல்லை; மேடையில் லிஸ்டின் ஹங்கேரிய ராப்சடியை வாசிக்கும் டாமும், பியானோவுக்குள் தூக்கம் கலைந்த ஜெர்ரியும்தான். ஆனால் சபை மரியாதை அங்கே நாயின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. என்ன நேர்ந்தாலும் டாம் வாசிப்பை நிறுத்த முடியாது. வார்னர் நிறுவனத்துக்காக சக் ஜோன்ஸ் இயக்கிய 'ஃபீட் த கிட்டி' (1952) பகையையே விட்டுவிட்டது. அதில் புல்டாக் ஒரு பூனைக்குட்டியிடம் மனதைப் பறிகொடுக்கிறது. அங்கும், வீட்டுக்குள் எதையும் கொண்டுவரக் கூடாது என்ற எஜமானியின் ஒரே கட்டளையிலிருந்துதான் கதை முழுவதும் கிளைக்கிறது. மூன்றாம் தரப்பின் உருவம் மாறலாம். அதன் வேலை மாறவில்லை.

இதைவிடக் கனமான எதிர்ப்பு ஒன்று உண்டு. முதல் படத்தில் கட்டளையிடும் பணிப்பெண், கறுப்பின வீட்டுப் பணியாளர்களைப் பற்றிய இழிவான வார்ப்பு. வெடியில் முகம் கருகியதும் கறுப்பர்களைக் கேலி செய்யும் உருவமாக மாறும் நகைச்சுவைகளும் தொடரில் உண்டு. அக்காலத்தில் அது வழக்கம் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. அந்தப் புண்படுத்தல் உண்மையானது. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் பணிப்பெண்ணின் உருவத்தையே மாற்றி வரைய வேண்டிவந்தது. ஆயினும் அவர் செய்த அதே வேலையை 1945இல் ஸ்பைக் குறைவின்றிச் செய்திருக்கிறது என்பதால், படங்களின் ஈர்ப்புக்கு அந்த இழிவு எந்த வகையிலும் தேவைப்பட்டிருக்கவில்லை என்பது உறுதியாகிறது.

வன்முறை குறித்த கவலையை எதிர்கொண்ட விதமும் இவ்வாதத்துக்குச் சான்றாகிறது. எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை 1957இல் மூடியது. அதே ஆண்டு டிசம்பரில் ஹன்னாவும் பார்பராவும் தொலைக்காட்சிக்காகத் தந்த 'ரஃப் அண்ட் ரெடி' தொடரில் பூனையும் நாயும் நண்பர்கள். மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த அசைவுகளுடன் எடுக்க வேண்டியிருந்ததால், உடல் செய்த வேலையைப் பேச்சு எடுத்துக்கொண்டது. 1975இல், சிறுவர் நிகழ்ச்சிகளில் வன்முறைக்கு எதிரான விதிகள் இறுகியிருந்தபோது வந்த புதிய தொடரில் டாமும் ஜெர்ரியும்கூட நண்பர்களாகிவிட்டார்கள். அடிதடியோடு, இருவருக்கும் இடையே எல்லைக்கோடாக நின்ற கட்டளையும் போய்விட்டது. அத்தொடர் ஒரே பருவத்தோடு முடிந்தது; பழைய படங்கள் தொடர்ந்து ஒளிபரப்பாகிவந்தன.

பிள்ளைகள் பார்த்ததைச் செய்துபார்ப்பார்கள் என்ற பெற்றோரின் அச்சத்தைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் இப்படங்கள் வன்முறையை வெற்றியாகக் காட்டுகின்றன என்ற குற்றச்சாட்டு அவற்றின் கட்டமைப்பைக் கவனிக்கவில்லை. டெக்ஸ் ஏவரியின் 'பேட் லக் பிளாக்கி' (1949) படத்தில் பூனைக்குட்டியை வதைக்கும் புல்டாகின் தலையில் பூந்தொட்டியில் தொடங்கிக் கப்பல் வரை வந்து விழுகிறது. விழும் பொருள் பெரிதாகப் பெரிதாக, வலிமை தன்னைக் காப்பாற்றும் என்ற நாயின் நம்பிக்கை சிறுத்துக்கொண்டே போகிறது. பூனைக்கு மேல் நாய், நாய்க்கு மேல் எதிர்பாராத ஒன்று என்று அதிகாரம் எவரிடமும் நிலைக்காத உலகம் இது. வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களின் கட்டளைகளுக்கு நடுவே வளரும் குழந்தைக்கு இது நன்கு தெரிந்த உலகம். மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்யும் பெரியவருக்கும் அப்படியே. இப்படங்கள் வயது வித்தியாசமின்றி இரு தரப்பையும் சிரிக்கவைப்பதற்கு அடிதடியைவிட இந்தப் பரிச்சயமே வலுவான காரணம்.