ஒரு படுக்கை, ஏழு நாழி நெல்!

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்தால் எவ்வளவு செலவு? ‘பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்’ என்பீர்கள். அது நீங்கள் கட்டும் பணம். நான் கேட்பது வேறு. உங்களை ஒரு நாள் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ள, அந்த ஆஸ்பத்திரிக்கு என்ன செலவாகிறது?

உலக சுகாதார நிறுவனம் 1998-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இதைத்தான் நாடு நாடாகக் கணக்குப் போட்டது. சம்பளம், கட்டடம், சாப்பாடு எல்லாம் அதில் உண்டு. மருந்துக்கும் பரிசோதனைகளுக்கும் ஆகும் செலவைத் தனியே வைத்துவிட்டார்கள். அதாவது, ஆஸ்பத்திரியை ஒரு லாட்ஜ் மாதிரி நினைத்து, தங்கும் செலவை மட்டும் பார்ப்பது!

இதே கணக்கைப் போடத் தேவையான விவரங்களை, ஏறக்குறைய 950 வருடங்களுக்கு முன்பே நம் ஊரில் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு ரோட்டில் போனால் பழைய சீவரம் வரும். பாலாற்றைத் தாண்டினால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு வருவாரே, அதே ஊர்தான். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம், கி.பி. 1069 வாக்கில்.

கோயிலோடு ஒரு வேத பாடசாலை, மாணவர் விடுதி. கூடவே ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஓர் ஆதுலர்சாலை. ஆதுலர் என்றால் நோயாளிகள். படுக்கைகள் பதினைந்து. இனி சம்பளப் பட்டியலைப் பாருங்கள்.

வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு, போதாததற்கு நிலம். சல்லியக்கிரியை, அதாவது அறுவை சிகிச்சை செய்பவருக்கு 30 கலம்தான்! மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து தயாரிக்க இரண்டு பேர்: 60 கலம், 2 காசு. நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்கு 30 கலம், 1 காசு. நாவிதருக்கு 15, தண்ணீர் கொண்டுவருபவருக்கு 15. நோயாளி ஒருவருக்கு தினம் ஒரு நாழி அரிசி. ராத்திரி விளக்குக்கு ஆழாக்கு எண்ணெய். அதற்கு வருஷத்துக்கு இரண்டேகால் காசு. அடேங்கப்பா, எதையும் விடவில்லை!

சரி, நாமும் கணக்குப் போடுவோமா? காசாகக் கொடுத்ததையும் நிலத்தையும் மருந்தையும் தள்ளிவைத்துவிட்டு நெல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். சம்பளம் மொத்தம் 240 கலம். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, குறுணிக்கு எட்டு நாழி. ஆக, 23,040 நாழி. கல்வெட்டின் கணக்குப்படி வருஷத்துக்கு 360 நாள். பதினைந்து படுக்கையும் தினமும் நிரம்பியிருந்தால் 5,400 படுக்கை-நாட்கள். வகுத்தால், ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்குச் சம்பளச் செலவு நாலேகால் நாழி. சோழர் கால வழக்கப்படி இரண்டு நாழி அரிசிக்கு ஐந்து நாழி நெல். எனவே சாப்பாட்டுக்கு இரண்டரை நாழி. மொத்தம், ஏழு நாழிக்குக் கொஞ்சம் குறைவு!

ஏழு நாழி நெல் ஜாஸ்தியா, கம்மியா? இன்றைய ரூபாயில் மாற்றினால் ஒன்றும் புரியாது. டாலர் கணக்கு ஏமாற்றும் என்பதால்தான், உலக சுகாதார நிறுவனமும் அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்றபடி திருத்திய ‘சர்வதேச டாலர்’ என்ற ஒன்றை வைத்து நாடுகளை ஒப்பிடுகிறது. நமக்கு அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. நோயாளியைக் கவனித்த அந்தப் பெண்ணின் ஒரு நாள் சம்பளம் நாலு நாழி. ஆக, அவளுடைய ஒன்றேமுக்கால் நாள் நெல்கூலியில் ஒரு படுக்கை ஒரு நாள் ஓடியிருக்கிறது.

இன்னொரு சங்கதி. பதினைந்து பேருக்குப் பதில் ஐந்து பேர்தான் படுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். சாப்பாட்டுச் செலவு குறையும், சம்பளம் குறையாது. ஒரு படுக்கையின் செலவு ஏழிலிருந்து பதினைந்து நாழிக்கு மேல் எகிறிவிடும்! காலிப் படுக்கைதான் ஆஸ்பத்திரியில் விலை உயர்ந்த படுக்கை. இன்றைக்கும் அதே கதைதான்.

இதெல்லாம் யார் தலையில் விழுந்தது? வயலைக்காவூர் என்ற ஊரிலிருந்து வரவேண்டிய 75 கழஞ்சு பொன்னை, அரசன் இந்தக் கோயிலுக்குத் திருப்பிவிட்டான். கம்போடியாவிலும் இப்படித்தான். ஏழாம் ஜெயவர்மனின் 1186-ம் வருடத்து ‘தா ப்ரோம்’ கல்வெட்டு 102 ஆஸ்பத்திரிகளைப் பற்றிப் பேசுகிறது. அவற்றுக்குப் படியளந்தவை 838 கிராமங்கள். உழைத்தவர்கள் 81,640 பேர்! இலவச வைத்தியம் என்று ஒன்று எந்த நாட்டிலும் இருந்ததில்லை. நோயாளி கொடுக்காததை இன்னொருவர் வயலில் நின்று கொடுத்திருக்கிறார்.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். மத்திய அரசின் 2017-18 சர்வேப்படி, பிரசவம் தவிர்த்து, ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கைவிட்டுப் போகும் சராசரித் தொகை, அரசு ஆஸ்பத்திரியில் 4,452 ரூபாய். தனியாரில் 31,845 ரூபாய். அரசு ஆஸ்பத்திரியின் செலவில் பெரும்பகுதியை நம் எல்லோருடைய வரியும் சுமக்கிறது. தனியாரிலோ, பெரும்பாலானவர்களுக்கு வயலைக்காவூர் கிடையாது. நகையை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ, படுத்திருப்பவரே வயலைக்காவூராகவும் ஆகவேண்டியிருக்கிறது.

திருமுக்கூடல் பக்கம் போனால் அந்தச் சுவரைப் பாருங்கள். விளக்கெண்ணெய் வரை எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் கையில் கடைசியாகக் கொடுத்த ஆஸ்பத்திரி பில், அவ்வளவு தெளிவாக இருந்ததா?