கல்லும் நீரும் பல்லும்

சேலம் நகருக்கு வடக்கே வெண்ணிறமாகப் பரந்து கிடக்கும் மேட்டு நிலத்தைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று ஆங்கிலேயர் குறித்து வைத்தனர். ஆனால் அங்கே வெட்டி எடுக்கப்படுவது சுண்ணாம்பன்று. மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல். அக்கல்லில் உள்ள மக்னீசியமே இலையின் பச்சையத்திலும் அமைந்திருக்கிறது. கல்லில் கிடக்கும் பொருள் உயிருக்குள் எவ்வாறு புகுந்தது? தண்ணீர் வழியாகத்தான்.

தாதுப் பொருள்கள் நீரில் கரையும்போது மின்னேற்றம் கொண்ட நுண்துகள்களாகப் பிரிகின்றன. இவற்றை அயனிகள் என்பர். இவற்றின் அருமையை 1880களில் இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் தற்செயலாகக் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்த தவளையின் இதயம் ஓர் உப்புக் கரைசலில் நெடுநேரம் துடித்தது. காய்ச்சி வடித்த நீரில் அதே கரைசலைச் செய்தபோதோ துடிப்பு விரைவில் தளர்ந்தது. முன்பு பயன்பட்டது குழாய் நீர் என்பதும், அதிலிருந்த கால்சியமே இதயத்தை இயக்கியது என்பதும் பின்னரே விளங்கின.

உயிரைக் காக்கும் அயனி வரும் வழியிலேயே ஊறு செய்யும் அயனியும் வரக்கூடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மக்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதை 1901இல் பல் மருத்துவர் மெக்கே கண்டார். குடிநீரில் மிகுந்திருந்த புளோரைடே காரணம் என்று 1931இல்தான் தெரிந்தது. நம் நாட்டில், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோய் பரவியிருந்ததை ஷார்ட், பண்டிட், இராகவாச்சாரி ஆகியோர் 1937இல் வெளியிட்டனர். பற்களோடு நில்லாமல், முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி மக்கள் முடங்கியதை அக்காலத்து ஆராய்ச்சிகள் காட்டின.

இத்துன்பம் நமக்கும் அயலானதன்று. 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த தருமபுரி வட்டாரம் இதனால் பெரிதும் வாடியது. சேலம், நாமக்கல் சமவெளியிலும் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. இங்குள்ள பழம்பாறைகளின் தாதுக்களிலிருந்து அது மெல்ல மெல்லக் கரைகிறது. நீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் புளோரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்த நீரிலோ கரைந்தே நிற்கும்.

சிறிதளவு புளோரைடு பற்சொத்தையைத் தடுக்கும். அளவு மிஞ்சினால், குழந்தைப் பருவத்தில் உருவாகும் பல்லின் மேற்பூச்சைக் கெடுக்கும். அவ்வாறு படிந்த கறையை எவ்வளவு துலக்கினாலும் போக்க இயலாது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்குக் காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. நோயின் காரணம் நம் மாகாணத்தில் தெளிவான பின் எழுபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன! அதற்குள் எத்தனை தலைமுறைக் குழந்தைகள் அந்நீரையே பருகி வளர்ந்தனர்!

மாணவ நண்பர்களே, புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். சோதனை ஒன்றே அதனைக் காட்டும். உங்கள் ஊர்க் கிணற்று நீர் சோதிக்கப்பட்டதா என்று பெரியோரிடம் கேளுங்கள். இல்லையெனில், சோதிக்கச் செய்யுங்கள்.