வெயிலுக்குப் பயந்த தோட்டா

சோழபுரத்துல நின்னு மேற்கே பார்த்தீங்கன்னா மலை நீளமா படுத்திருக்கும். அந்த மலைக்காடு இன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், 2021ல அறிவிச்சது. நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம நாட்டுக் காடுகளுக்குள்ள ரைஃபிள் தூக்கிட்டுப் போன துரைமாருக்கு ஒரு விசித்திரமான கவலை இருந்தது: தோட்டா வெயில்ல காய்ஞ்சிடுமோ?

ஏன்னு புரியணும்னா மருந்துலேர்ந்து தொடங்கணும். பழசு கரிமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. பக்கத்துலயே சிவகாசி இருக்கு, இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டாம். சுட்டா கண்ணை மறைக்கிற புகை, குழல் முழுக்கக் கசடு. ஆனா வெயிலு, குளிரு எதுக்கும் பெருசா அலட்டிக்காது.

1889ல ஏபல், டிவார்னு ரெண்டு வேதியியலாளர்கள் இங்கிலாந்துல கார்டைட் கண்டுபிடிச்சாங்க. வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின், கொஞ்சம் வாசலின். அசிட்டோன் ஊத்திப் பிசைஞ்சு, இடியாப்பம் மாதிரி கயிறு கயிறா பிழிஞ்சு எடுக்கறது. புகை கிட்டத்தட்ட இல்ல, பலமோ பல மடங்கு. பழைய மருந்தோட அளவுக்கே புகையில்லா மருந்தை நிரப்பினா குழலே வெடிச்சிடும். அதனால பழைய ரைஃபிள் வச்சிருந்தவங்களுக்காகவே, அளவைக் குறைச்சுத் தனித் தோட்டா விக்க வேண்டியதாச்சு.

இப்ப வெயிலுக்கு வருவோம். சூடான மருந்து வேகமா எரியும். வேகமா எரிஞ்சா அழுத்தம் ஏறும். கார்டைட்டுக்கு இந்தக் குணம் ரொம்பவே ஜாஸ்தி. இங்கிலாந்துக் குளிருக்கு அளந்து நிரப்பின தோட்டா, நம்ம மே மாச வெயில்ல இடுப்பு பெல்ட்டுல கிடந்து காயுது. சுட்டதும் பித்தளைக் கூடு விரிஞ்சு உள்ளேயே ஒட்டிக்கும். துப்பாக்கியை மடக்கித் திறந்தாலும் வெளிய வராது. எதிர்ல காயம்பட்ட காட்டெருமை நிக்குது. கையில இருக்கறது வெறும் இரும்புத் தடி.

கம்பெனிகள் ரெண்டு வழி பிடிச்சாங்க. ஒண்ணு, வெப்ப நாடுகளுக்குன்னு சில கிரெய்ன் குறைச்சு நிரப்பறது. கிரெய்ன்னா 0.065 கிராம். அவ்வளவு சின்ன வித்தியாசத்துலதான் உயிர் இருந்தது. இன்னொண்ணு, கூட்டையே சரிவா செய்யறது. 1912ல ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 இதுக்கு நல்ல உதாரணம். நடுத்தர அளவு ரைஃபிள்கள்ல ரொம்பப் பேர் வாங்கினது. நீளமா, முனைநோக்கிக் குறுகிப்போற கூடு. லேசா பின்னுக்கு இழுத்தாலே சுவரை விட்டு விலகிடும்.

சரி, வேட்டைக்காரரே வீட்ல நிரப்பிக்கலாமே? கார்டைட்டை வச்சு அது கஷ்டம். கயிறுகளைப் போட்ட பிறகுதான் ஃபேக்டரியில கூட்டோட கழுத்தையே அமுக்கிக் குறுக்குவாங்க. ஆனா அமெரிக்காவுல வந்தது துணுக்குத் துணுக்கா, கொட்டி நிறுக்கக்கூடிய மருந்து. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல எரியும்; குறுகின குழல்ல கனமான குண்டுன்னா நிதானமா எரியறது, அகலக் குழல்ல லேசான குண்டுன்னா சீக்கிரம் எரியறது. அங்க அதுவே பெரிய பொழுதுபோக்கா வளர்ந்துச்சு. இங்க 1878 ஆயுதச் சட்டம், அப்புறம் 1959 சட்டம், எல்லாத்துக்கும் லைசென்ஸ். நம்ம ஆளுங்களுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கற வாய்ப்பே கிடைக்கல.

குழல் அளவைக்கூட அரசாங்கம்தான் முடிவு பண்ணுச்சு. ராணுவத் தோட்டா கலகக்காரங்க கையில சேரக்கூடாதுன்னு .303ம் .450ம் பொதுமக்களுக்குத் தடை. அந்த .450 இடத்தை நிரப்பத்தான் இங்கிலாந்துல .470 மாதிரி புது அளவுகளே பிறந்துச்சு. .303க்குப் பதிலா .315 வந்துச்சு. அதோட மூலம் ஆஸ்திரியாவோட பழைய மான்லிக்கர் தோட்டா! தர்மபுரி, சேலம் பக்கத்துக் காடுகள்ல ஆட்கொல்லிகளைத் தேடித் திரிஞ்ச கென்னத் ஆண்டர்சன் நம்பினதோ அமெரிக்காவோட .405 வின்செஸ்டர்.

கார்டைட்டை இங்கேயே செய்யணும்னு 1900களோட தொடக்கத்துல நீலகிரியில, குன்னூர் பக்கத்துல அருவங்காட்டுல ஃபேக்டரி வந்துச்சு. வெயிலுக்கு முறைக்கிற மருந்துக்கு மலைக்குளிர்ல ஒரு வீடு. ஊட்டி மலை ரயில்ல போனவங்க அருவங்காடு ஸ்டேஷன் போர்டைப் பார்த்திருப்பீங்க. ஃபேக்டரி இன்னும் ஓடுது, 2021லேர்ந்து மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனிக்குக் கீழ.

வேட்டையை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முடிச்சு வச்சது. .315 மட்டும் போகல. வெள்ளைக்காரன் பயத்துல வந்த அந்த அளவை நம்ம அரசாங்க ஃபேக்டரியே பிறகு பல வருஷம் செஞ்சு வித்துச்சு.