மூக்கும் பட்டியலும்

2004-இல் கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஈச்சங்காடு, செம்மங்குப்பம் போன்ற ஊர்க்காரர்கள் காற்றைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கருவி ரொம்ப எளிது. 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, இறுக்கமான மூடி, உள்ளே டெட்லர் பை. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்ப் உறிஞ்ச, பைக்குள் வெளிக்காற்று நிறையும். 1990-களில் கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளின் அருகே வாழ்ந்தவர்களுக்காக உருவான வாளி இது. உருவாக்கச் சொன்னவர் எட்வர்ட் மேஸ்ரி, ‘எரின் பிராக்கோவிச்’ படத்தில் வரும் அதே வக்கீல்.

ஆனால் எப்போது பிடிப்பது? ஆலை எந்நேரமும் நாறாது. நள்ளிரவில் நாறி, விடிவதற்குள் கலைந்துவிட்டால் பகலில் வரும் அதிகாரியின் கருவியில் ஒன்றும் இருக்காது. அதனால் ஊர்க்காரர்கள் முதலில் குறிப்பெடுத்தார்கள்: என்ன வாடை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, யாருக்கு என்ன செய்தது. எங்கள் மென்பொருள் தொழிலில் இதற்கு லாக் என்று பெயர். அது இல்லாதவரை “என் மெஷின்ல சரியாத்தானே ஓடுது” என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

இந்த அறிவை லேசாக எண்ண வேண்டாம். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கிணற்றுத் தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு “இதுல பருப்பு வேகாது” என்பார்கள். கால்சியம், மக்னீசியம் மிகுந்த கடின நீருக்கான சோதனைதான் அது. மூக்கும் அப்படியே. அழுகிய முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அளவு மிக அதிகமானால் அதே மூக்கு மரத்துப்போகும். அதனால்தான் வாளியும் தேவைப்பட்டது.

மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் போயின. 22 நச்சு வேதிப்பொருட்கள் தெரிந்தன. அவற்றில் 8 புற்றுநோய் தரக்கூடியவை. அன்றைய தேசியக் காற்றுத்தர வரம்புப் பட்டியலில் பென்சீன்கூடக் கிடையாது. 2009-இல்தான் சேர்ந்தது. 12 மாசுகள் கொண்ட அந்தப் பட்டியலில் ஹைட்ரஜன் சல்பைடுக்கு இன்றும் இடமில்லை. பட்டியலை மட்டும் வைத்து அளந்தால், ஊர் நாறிக்கொண்டிருக்கும்போதே அறிக்கை சுத்தமாக வரும்.

2006-இன் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கைப்படி, வரைவு அறிக்கை தயாரான பிறகே பொதுமக்கள் கருத்துக்கேட்பு. எதை அளப்பது, எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் வேலையிலும் இதே வரிசை வந்தால், ஊர்க்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து கேட்க மட்டுமே முடியும். நம் வட்டாரத்தில் அப்படி ஒரு பந்தல் போட்டால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “எதை அளந்தீங்க, எப்ப அளந்தீங்க, யாரைக் கேட்டு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீங்க?”