கையுறை செய்த கைகள்

அரசர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையும் ஆண்டு தவறாமல் மனப்பாடம் செய்கிறோம். அவ்வரசர்கள் அணிந்த கையுறைகளைத் தைத்தவர் யாவர், அத்தொழிலை அவர்கள் யாரிடம் கற்றனர் என்று நாம் கேட்பதில்லை. அத்தகைய தொழிலாளரின் வரலாறு ஒன்றை இன்று பார்ப்போம். பிரான்ஸ் நாட்டின் தென்கிழக்கில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், கிரெனோபிள் என்னும் நகரம் இருக்கிறது. அந்நாட்டின் தென்பகுதியில், தார்ன் ஆற்றங்கரையில், மில்லோ என்னும் சிற்றூர் இருக்கிறது. தோற்கையுறை என்றவுடன் ஐரோப்பியர் நினைவில் எழுந்த பெயர்கள் இவை.

வெப்பம் மிகுந்த நம் நாட்டில் கையுறைக்கு வேலை குறைவு. குளிர் மிகுந்த ஐரோப்பாவிலோ அது உடையின் ஓர் உறுப்பு. குளிருக்குக் காப்பாகத் தொடங்கிய அது, நாளடைவில் மதிப்பிற்கும் அடையாளமாயிற்று. இலண்டன் நகரக் கையுறைத் தொழிலாளர் 1349ஆம் ஆண்டிலேயே தமக்கென விதிகளை வகுத்துக்கொண்டனர். நாடகப் புலவர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் ஷேக்ஸ்பியர், ஸ்டிராட்ஃபோர்டு நகரில் கையுறை செய்து விற்றவரே. பிரான்சில் கையுறை செய்வோர் நறுமணப் பொருள் செய்வோராகவும் விளங்கினர். தோலின் வாடையைப் போக்கக் கையுறைக்கு மணமூட்டும் வழக்கமே இவ்விரு தொழில்களையும் இணைத்தது.

ஒரு தொழில் ஓர் ஊரில் வேரூன்றுவதற்குக் காரணம் இருத்தல் வேண்டும். மில்லோவைச் சூழ்ந்த மேட்டு நிலங்கள் செம்மறியாடுகளுக்கு உரியவை. அருகிலுள்ள ரோக்ஃபோர் என்னும் சிற்றூரின் பாலாடைக்கட்டி ஆட்டுப்பாலிலிருந்து செய்யப்படுவது. தாயாட்டின் பாலைக் கட்டிக்கு எடுக்கும்பொருட்டு, ஆட்டுக்குட்டிகளை இளமையிலேயே இறைச்சிக்கு அனுப்பிவிடுவர். அக்குட்டிகளின் தோல் மெல்லியது. கையுறைக்கு மிகவும் ஏற்றது. இவ்வாறு பாலாடைக்கட்டித் தொழிலின் துணைப்பொருள் மற்றொரு தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று.

தோலைப் பதப்படுத்தும் முறையும் தனித்தன்மை உடையது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டு வந்ததை நீங்கள் அறிவீர்கள். கையுறைத் தோலுக்கோ படிகாரம், உப்பு, மாவு, முட்டையின் மஞ்சட்கரு ஆகியவற்றைக் கலந்து பதமூட்டினர். இதனால் தோல் வெண்மையும் துணிபோன்ற மென்மையும் பெறும்.

இனித் தொழிலின் நுட்பத்தைக் காண்போம். கையுறை கையின் அகலத்திற்கு ஈடுகொடுத்து விரிய வேண்டும். ஆனால் நீளவாட்டில் தொய்ந்துவிடக் கூடாது. ஆகவே வெட்டுவோர் தோலைச் சிறிது ஈரமாக்கி, மேசையின் விளிம்பில் வைத்து இழுப்பார். நீளவாட்டில் தோல் எவ்வளவு இழுபடுமோ அவ்வளவையும் முன்னரே இழுத்துத் தீர்த்துவிட்டு, அகலவாட்டில் மட்டும் நெகிழ்ச்சியை விட்டுவைப்பார். ஒரு தோலைப்போல் மற்றொரு தோல் இராது. ஒரே தோலிலும் முதுகுப்பகுதி வேறு, வயிற்றுப்பகுதி வேறு. எங்கே எவ்வளவு இழுப்பது என்பதை அளவுகோல் சொல்லாது. விரல்களே சொல்ல வேண்டும். அவ்வாறு விரல்களைப் பழக்குவதற்கு ஆண்டுகள் சில கடந்தாக வேண்டும்.

வெட்டும் வேலை பெரும்பாலும் ஆடவருடையது. தைக்கும் வேலை பெண்களுடையது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே விரல் இடுக்குகளுக்குரிய சிறு துண்டுகளை இணைத்துக் கையுறையைத் தைத்து முடித்தனர். தந்தையிடமிருந்து மகனுக்கும், தாயிடமிருந்து மகளுக்கும் தொழில் சென்றது.

இத்தொழில் அழிவின் விளிம்பைத் தொட்ட காலங்கள் உண்டு. 1685ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னர், பிராட்டஸ்டண்டு சமயத்தார்க்கு வழிபாட்டுரிமை அளித்திருந்த நாந்த் கட்டளையை நீக்கினார். கைத்தொழிலில் வல்ல பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். கிரெனோபிளின் கையுறைத் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். வெளியேறியோர் குடியேறிய ஜெர்மானிய நகரமான எர்லாங்கனில் கையுறைத் தொழில் தோன்றியது. மன்னரின் ஆணையால் மனிதரை விரட்ட முடிந்தது. அவர்தம் கைகளில் இருந்த திறமையை நாட்டில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு மாற்றம் வந்தது. கிரெனோபிளில் 1801ஆம் ஆண்டு பிறந்த சேவியர் ஜூவேன் என்பவர், அந்நகர மருத்துவமனையில் மனிதக் கைகளின் வடிவங்களை ஆராய்ந்து, கைகளை 320 அளவுகளாக வகுத்தார். 1834ஆம் ஆண்டில் தம் அளவு முறைக்கும், 1838ஆம் ஆண்டில் ‘இரும்புக்கை’ எனப்பட்ட வெட்டும் அச்சுக்கும் காப்புரிமை பெற்றார். தோல்களை அடுக்கிவைத்து அவ்வச்சால் அழுத்தினால் ஒரே அளவான வடிவங்கள் பல கிடைக்கும். முன்பு கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டிய வேலை இதனால் எளிதாயிற்று. கிரெனோபிளின் கையுறைகள் அயல்நாடுகளில் பெருமளவில் விற்பனையாயின.

கருவி வந்ததால் கைத்திறன் அழிந்ததா? இல்லை. இரும்புக்கை அளவைத் தரும். தோலை இழுத்துப் பதம் பார்க்காது. அச்சில் வைப்பதற்கு முன் தோலை ஆயத்தம் செய்வது பழைய தொழிலாளியின் விரல்களே. இயந்திரத்திற்கு விடத்தக்கது எது, மனிதனிடமே இருக்கத்தக்கது எது என்பதை ஜூவேனின் கண்டுபிடிப்பு பிரித்துக் காட்டியது எனலாம். பழைய மரபின் சுவடு ஒன்று இன்றும் எஞ்சியிருக்கிறது. பிரெஞ்சு நாட்டார் மெட்ரிக் முறைக்கு மாறி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், கையுறையின் அளவு எண் அந்நாட்டின் பழைய அங்குலத்தையே குறிக்கிறது. அவ்வங்குலம் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். ஆகவே 7ஆம் எண் கையுறை, சுற்றளவு ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் உள்ள கைக்கு உரியது.

தொழிலைச் சட்டத்தால் மட்டும் காக்க முடியுமா என்பதற்கு இங்கிலாந்து விடையளிக்கிறது. அயல்நாட்டுக் கையுறைகளை இறக்குமதி செய்வதை அந்நாடு நெடுங்காலம் தடைசெய்திருந்தது. 1826ஆம் ஆண்டில் தடை நீங்கியது. பிரெஞ்சுக் கையுறைகள் வந்து குவியவே, உஸ்டர் நகரின் கையுறைத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். தடைச்சுவர் இருந்தவரை தொழில் இருந்தது. சுவர் விழுந்த நாளில் போட்டியிடும் வலிமை அதற்கு இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் வந்த சோதனையே எல்லாவற்றினும் கடியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் மக்களின் உடை வழக்கம் மாறியது. வெளியே செல்லும்போது கையுறை அணிவது கட்டாயம் என்ற எண்ணம் மறைந்தது. விலை மலிந்த அயல்நாட்டுக் கையுறைகளும் சந்தைக்கு வந்தன. கிரெனோபிள் மின்சாரத் தொழில்களுக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் பெயர்பெற்ற நகரமாக வளர்ந்தது. அங்கே ஆற்றங்கரைச் சாலை ஒன்று ஜூவேனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மில்லோவிலும் தொழிற்கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயினும் அங்கே இழை அறுந்துவிடவில்லை. 1892ஆம் ஆண்டில் தொடங்கிய கோஸ் நிறுவனமும், 1924ஆம் ஆண்டில் தொடங்கிய ஃபாப்ர் நிறுவனமும் தொழிலைத் தொடர்ந்தன. ஃபாப்ர் நிறுவனம் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தார் நடத்துவது. கோஸ் நிறுவனத்தை 2012ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற ஷானெல் உடை நிறுவனம் வாங்கியது. தான் வடிவமைக்கும் உடைகளுக்கு நயமான கையுறை வேண்டுமாயின், அதைச் செய்வோர் வாழவேண்டும் என்பதை அந்நிறுவனம் உணர்ந்திருந்தது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. மில்லோ நகர அருங்காட்சியகத்தில் பழைய கையுறைகளையும் கருவிகளையும் காணலாம். அவற்றைக் காப்பது நற்பணியே. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் உள்ள இரும்புக்கையைப் பார்த்து எவரும் தோலின் பதத்தை அறிந்துகொள்ள முடியாது. அதற்கு அறிந்தவர் ஒருவர் அருகில் நின்று, இழுக்கும் கையைத் திருத்த வேண்டும். மரபுக் கலைகளைக் காக்க யுனெஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டில் இயற்றிய உடன்படிக்கையும், அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்வதையே வற்புறுத்துகிறது.

முதியவரின் திறமை வீணாகாமல் இருக்க, கற்க ஓர் இளைஞன் வேண்டும். அவ்விளைஞன் நிலைத்து நிற்க, செய்த பொருளை உரிய விலைக்கு வாங்குவோர் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் ஒரு தலைமுறைக்குள் தொழில் மறைந்துவிடும். மறைந்த பின் பெரும்பொருள் செலவிட்டாலும் கற்பிக்க ஆளிருக்காது.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் நெசவோ, பாய் முடைதலோ, வெண்கல வார்ப்போ, மட்பாண்டம் வனைதலோ நடந்துகொண்டிருக்கலாம். அங்கே தொழில் செய்யும் முதியவரின் அருகில் கற்கும் இளைஞர் எவரேனும் அமர்ந்திருக்கிறாரா என்று சென்று பாருங்கள். எவரும் இல்லையெனில், அம்முதியவர் அறிந்ததைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; முடியுமாயின் அவரிடம் சில நாட்களேனும் கற்றுக்கொள்ளுங்கள்.