குவாதலூப் போன சிதம்பரம்



நம் விருத்தாசலத்தில் பல ஆண்டுகள் சமூக அறிவியல் நடத்தியவன் நான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்கள் எவை என்றால் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அங்கிருந்து கப்பலேறிய சனங்களைப் பற்றி நான் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

கரீபியன் கடலில் குவாதலூப் ஒரு பிரெஞ்சுத் தீவு. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகினார்கள். முதலாளிகள் நம் பக்கம் ஆள் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஓரேலி’ என்ற கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களோடு புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்தை அடைந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். அதில் நிறையப் பேர் தமிழர்கள். 5 ஆண்டு ஒப்பந்தம் என்றுதான் பேச்சு. பலர் ஊர் திரும்பவே இல்லை.

அவர்கள் பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்தும் ஓட்டுரிமை இல்லை. 1904இல் அதற்காகப் போராடத் தொடங்கியவர் அந்தத் தீவிலேயே பிறந்த ஆன்றி சிதம்பரோம். 1923இல்தான் வழி பிறந்தது.

சிதம்பரோம்! இங்கே பஸ் ஏறினால் போய் இறங்குகிற நம் சிதம்பரம்தானே அது? வீட்டில் தமிழ்ப் பேச்சு போய்விட்டது, பெயர் நின்றது. மாரியம்மன் கும்பிடுவதும் நின்றது. அங்கே ‘கொலொம்போ’ என்று ஒரு கறி. நம் குழம்புதான் அது என்கிறார்கள்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களே, நான்கு ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். நான் விட்டதை நீங்கள் சொல்லுங்கள்.